ஏர்க்காட்டு மலைக்கு யார் பொறுப்பு?

மாமாங்கம்

சேலத்திலிருந்து ஏர்க்காட்டுக்குப் போகிறவர்களின் கண் மலை மேலேயே இருக்கும். மலையைத் தொடுவதற்கு முன்னால், மாமாங்கத்துக்கும் கருப்பூருக்கும் நடுவே கிடக்கும் வெள்ளைக்கல் பூமியில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் அது. கறுத்த பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும் மேக்னசைட்டைத் தோண்டித் தோண்டி, நிலமே படிக்கட்டு வெட்டிய பள்ளங்களாகிவிட்டது. குழிகளில் மழைநீர் பச்சையாகத் தேங்கி நிற்கிறது. ஓரத்தில் கொட்டிய கழிவுக்கல் மேடுகளில் சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறது. இரும்பாலை உலைகளின் உட்சுவருக்கான, தீயைத் தாங்கும் செங்கல் இந்தக் கல்லிலிருந்துதான் செய்யப்படுகிறது.

டீக்கடையில் சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். “கல்லு எடுக்கறது ஒரு கம்பெனிங்க. பாக்க வர்ற ஜீப்புதான் ஏழெட்டு. ஒரு ஜீப்புல வந்தவரு பாத்தது அடுத்த ஜீப்புல வர்றவருக்குத் தெரியாதுங்க.”

அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. குத்தகை, ராயல்டி இரண்டும் மாநிலக் கனிமவளத் துறையின் வேலை. சுரங்கத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுரங்கப் பணியகம். தொழிலாளர் உயிருக்கான பாதுகாப்பு விதிகளைக் கவனிப்பது தன்பாதில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். சுற்றுச்சூழல் அனுமதி, பரப்பளவைப் பொறுத்து தில்லியிலோ சென்னையிலோ கிடைக்கும். தூசிக்கும் கழிவுநீருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கழிவுக்கல் மழையில் கரைந்து கீழே இருக்கும் ஒரு விவசாயியின் காட்டில் இறங்கினால், அவர் எந்த அலுவலகத்தின் படியேறுவது என்பது இவ்வளவு அலுவலகங்கள் இருந்தும் தெளிவாகவில்லை.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. இங்கே கல் எடுத்த நிறுவனங்களில் ஒன்றான தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் 1979-ல் மாநில அரசே தொடங்கியது. மற்றொன்று மத்திய அரசின் செயில் நிறுவனத்தைச் சேர்ந்தது. டால்மியா தனியார். ஆக, குத்தகை கொடுக்கும் கை, கல் எடுத்து விற்கும் கை, விதி மீறினால் கேட்க வேண்டிய கை மூன்றும் ஒரே உடம்பில் இருக்கின்றன. அதிகாரி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்த அமைப்பு அவரைத் தயங்க வைக்கும். அமெரிக்காவும் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தபோது, கடலடி எண்ணெய்க்கு ராயல்டி வசூலித்த அலுவலகமே பாதுகாப்புச் சோதனையையும் பார்த்துக்கொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. குத்தகை, பாதுகாப்பு, வருவாய் என்று அந்த அலுவலகத்தையே மூன்றாகப் பிரித்தார்கள்.

அடிவாரம்

அடிவாரச் சோதனைச்சாவடியில் வண்டிகள் வரிசையில் நின்றன. காக்கிச் சட்டைக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் கிடந்த சாக்கில் பிடுங்கிப் போட்ட பைகளும் கப்புகளும் பாதி உயரத்துக்கு இருந்தன. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. சென்னையில் அந்தத் தடை கடைக்குக் கடை மாறும். கோயம்பேட்டில் ஒரு விதம், தி.நகரில் ஒரு விதம். இங்கே ஒரே சாலை, ஒரே சாவடி, கேட்பதற்கு ஒரு ஆள். அதனால் தடைக்கு ஓரளவு உயிர் இருக்கிறது.

சாவடி தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே மூங்கிலும் முட்புதரும். பாதி வழியில் காற்று மாறுகிறது. ஜன்னலைத் திறந்தால் ஈரமண் வாசம். வளைவுச் சுவர்களில் குரங்குகள் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. சாவடியில் பிடிபடாமல் வந்த பாக்கெட் அது. ஆலையில் அடைத்து வரும் நொறுக்குத்தீனியின் உறை தடைக்குள் வராமல் இருந்ததும், அந்த ஆலைகள் சாவடிக்காரரின் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதும்தான் காரணம். அந்த உறைகளை என்ன செய்வது என்று கம்பெனிகளைக் கேட்கும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிடம் இருக்கிறது. சாவடியில் நிற்பவருக்குச் சாக்குதான் இருக்கிறது.

ஏரி

ஏர்க்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டிலேயே கிடைக்கும். கடைக்கார அம்மா மிளகாயை நீளவாக்கில் கீறி, உள்ளே கொஞ்சம் புளிக்கரைசலைத் தடவி மாவில் தோய்க்கிறார். குளிரில் நின்றுகொண்டு தின்றால் கண்ணில் தண்ணீர் வரும்; அப்போதும் இன்னொன்று கேட்கத் தோன்றும்.

“தண்ணி முன்னாடி இப்பிடி இருக்காதுங்க. பாசி வாசம் வேற, சாக்கட வாசம் வேற. இது ரெண்டாவது,” என்றார் அவர், ஏரியைப் பார்க்காமலே.

படகு விடுவது சுற்றுலா வளர்ச்சிக் கழகம். எதிரே அண்ணா பூங்காவைப் பராமரிப்பது தோட்டக்கலைத் துறை. இத்தனை விடுதிகள் நிறைந்த ஏர்க்காட்டை நகராட்சி என்றுதான் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் தெருக்குப்பையும் சாக்கடையும் நெடுங்காலமாக ஒரு கிராம ஊராட்சியின் கையில், அதன் சிறிய வருவாயில் இருந்து வந்தன. விடுதியின் கழிவுநீருக்கு இசைவாணை தரவேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சாக்கடை எல்லாருடைய எல்லையையும் கடந்து ஏரிக்குள் இறங்குகிறது. பள்ளிக்கரணையை அறிந்த சென்னைக்காரருக்கு இந்தக் கதை புதிதல்ல. அந்தச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 2007-ல் காப்புக்காடானது, 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஒட்டியே மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைமேடு. அங்கேயும் வேலி இருந்த இடத்தில் துறை மாறியது, தண்ணீர் மாறவில்லை.

வாரியத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1974-ன் தண்ணீர்ச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் 1982 பிப்ரவரியில் அது பிறந்தது. தலைமையகம் கிண்டியில், மாவட்ட அலுவலகம் சேலத்தில். சட்டத்தில் வாரியத்துக்கு நல்ல அதிகாரம் உண்டு. ஆலையை மூடச் சொல்லலாம், மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லலாம். குறை வேறு இடத்தில். வாரிய உறுப்பினர்கள் யார் என்று சட்டம் சொல்லும் பட்டியலில் அரசு அதிகாரிகள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், அரசு நிறுவனங்களின் பிரதிநிதிகள் என்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மாசு செய்யக்கூடியவர்களுக்கே மேசையில் நாற்காலி உண்டு. வருவாயில் பெரும்பங்கு ஆலைகள் கட்டும் இசைவுக் கட்டணம். தலைவர் பதவி துறை அறிவு இல்லாதவர்களுக்கும் போகிறது என்று 1984-ல் பட்டாச்சார்யா குழுவும் 1990-ல் பெல்லியப்பா குழுவும் சுட்டிக்காட்டின. 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதே குறையை எடுத்து, தலைவர்களையும் உறுப்பினர்களையும் நியமிக்க ஆறு மாதத்தில் விதிகள் எழுதும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. 33 ஆண்டுகள் ஒரே பல்லவி! நாடு முழுக்க இந்த வாரியங்களில் பாதிக்கு அருகில் பணியிடங்கள் காலி. சேலத்திலிருந்து ஒரு பொறியாளர் மலையேறி வருவது அவருடைய மேசையில் இருக்கும் ஆலைக் கோப்புகள் குறைந்த நாளில்தான் நடக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆர்கிட் தோட்டம்

ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்கிட் தோட்டம். 1963-ல் தொடங்கியது. கூட்டம் வராத நேரத்தில் போனால் தோட்டக்காரர்கள் பொறுமையாகக் காட்டுவார்கள். மேகாலயத்துக் குடுவைச் செடியின் மூடியை ஒருவர் விரல் நுனியால் தூக்கிக் காட்டினார். உள்ளே கலங்கிய நீரில் இரண்டு எறும்புகளும் ஒரு ஈயின் சிறகும் மிதந்தன. மரக்கட்டையில் கட்டித் தொங்கவிட்ட ஆர்கிட் ஒன்றின் பூ அரிசி மணி அளவுதான் இருந்தது. குனிந்து பார்த்தால் அதற்குள் ஊதாக் கோடுகள்.

இந்தச் சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய மரம் ஒன்று உண்டு: வெர்னோனியா சேர்வராயென்சிஸ். தாவரவியலாளர் கேம்பிள் வைத்த பெயர். இந்த மலைக்கே உரியது. மிஞ்சி நிற்பவை கொஞ்சம். அது எங்கே நிற்கிறது, எப்போது பூக்கிறது, எந்தச் சரிவை வெட்டினால் போய்விடும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் இந்த நிறுவனத்து ஆய்வாளர்கள். 1890-ல் தொடங்கிய அமைப்பு, கொல்கத்தாவில் தலைமையகம், கோவையில் தென்மண்டல மையம், மேலே தில்லி அமைச்சகம். அவர்களுடைய வேலை ஆய்வும் பாதுகாத்து வளர்ப்பதும். சரிவில் கட்டடம் வரலாமா என்று தீர்மானிப்பது முழுக்க வேறொரு வரிசை: ஊராட்சி, மாவட்டம், சென்னை. அறிவு ஒரு படிக்கட்டில் ஏறித் தில்லிக்குப் போகிறது, அனுமதி வேறொரு படிக்கட்டில் இறங்கி வருகிறது. இரண்டு படிக்கட்டும் ஏர்க்காட்டில் சந்திப்பதில்லை. ஒரு சுற்றுச்சுவர் தூரத்தில் இருக்கும் அறிவைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தம் தரும் விஷயம்.

நாகலூர் சாலை

சேலத்துக் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த காபி இன்றைக்கும் இந்த மலையின் பிழைப்பு. சில்வர் ஓக் நிழலில் காபி, சில்வர் ஓக் மேல் மிளகுக் கொடி. மாலையில் காட்டெருமைக் கூட்டம் தோட்டத்துக்குள் வரும். நாய் குரைத்தால் தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மேயும். ஒரு சிறு தோட்டக்காரர் வீட்டில் மதியச் சாப்பாடு: மிளகு தூக்கலாகப் போட்ட கோழிக் குழம்பு, ரசம், கடைசியில் அவர்கள் தோட்டத்துக் காபி. சென்னை ஓட்டல் டிகாஷனுக்குப் பழகிய நாக்குக்கு அது முதலில் மெல்லியதாகப் படும். இரண்டாவது வாயில் பிடித்துவிடும்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் வாசலுக்குக் கூட்டிப்போய் எதிர்ச் சரிவைக் காட்டினார். சிவப்பாக ஒரு வெட்டு. ஜேசிபி நின்றிருந்தது. “நான் என் தோட்டத்துல ஓக் மரம் வெட்டணும்னா மனுப் போட்டுக் காத்திருக்கணுங்க. அந்த வெட்டுக்கு யாரு சரின்னாங்கன்னு கேட்டா, ஒவ்வொரு ஆபீசும் பக்கத்து ஆபீசைக் கைகாட்டுது,” என்றார்.

மலைப்பகுதியில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் 1949-ன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. கட்டடங்களுக்கு 1990-ல் தமிழ்நாடு அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை ஏற்படுத்தியது. ‘ஹாக்கா’ என்று சொன்னால்தான் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஏர்க்காடு வட்டத்துக் கிராமங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எண்ணம் மிக நல்லது: மலையைச் சமவெளியின் கட்டட விதிகளால் அளக்கக் கூடாது என்று அப்போதே ஒப்புக்கொண்ட மாநிலம் இது. ஆனால் குழுமம் என்பது துறைச் செயலர்களும் இயக்குநர்களும் கூடும் கூட்டம். வனத்துறை, வேளாண் பொறியியல், கனிமவளம் என்று ஒவ்வொரு துறையும் தனித்தனியே தடையின்மைச் சான்று தரும். வனத்துறை காப்புக்காட்டுக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கும். வேளாண் பொறியியல் மண் அரிப்பைப் பார்க்கும். கனிமவளத் துறை பாறையைப் பார்க்கும். ஒரே ஓடையில் ஏற்கனவே எத்தனை விடுதிகளின் கழிவுநீர் இறங்குகிறது, இது எத்தனையாவது வெட்டு என்று கூட்டிப் பார்க்கும் வேலை யாருக்கும் தரப்படவில்லை. சான்று வந்த பிறகு, சொன்னபடிதான் கட்டினார்களா என்று மழைக்காலத்தில் வந்து பார்க்க ஏர்க்காட்டில் அந்தக் குழுமத்துக்கென்று ஆள் வேண்டும். அமைப்பின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்காவது 2011-ல் மாதவ் காட்கில் குழு ஓர் அறிக்கை தந்தது. மலைத்தொடர் முழுமைக்கும் ஒரே சூழலியல் ஆணையம் வேண்டும் என்று கேட்டது. 2013-ல் கஸ்தூரிரங்கன் குழு வந்தது. இரண்டும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை என்றாலும் விவாதமாவது நடந்தது. சேர்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அதற்கு அந்த விவாதம்கூட வாய்க்கவில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோதும் ஏர்க்காடு அதில் இல்லை.

சேர்வராயன் கோயில்

மலையின் உச்சி சமதளமாக விரிந்து கிடக்கிறது. 5,300 அடிக்கு மேல். காற்று நிற்பதே இல்லை. கோயில் ஒரு குகை. தலை குனிந்து உள்ளே போனால் இருட்டில் விளக்கு வெளிச்சம், சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலையாளிப் பழங்குடி ஊர்கள் எல்லாம் இங்கே திரளும்.

வெளியே தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். செம்பழுப்பு. பட்டாணி அளவு உருண்டைகள் ஒட்டிய சரளைக் கல் ஒன்றைக் கையில் எடுத்தால், கனம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. விரலில் காவி ஒட்டும். சார்னோகைட் பாறையின் மேல் தொப்பி போல் படிந்த பாக்சைட் இந்த மலையின் செல்வம், துயரமும்கூட. மேட்டூரில் 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் எடுத்தது. 1995-ல் அது ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. வேதாந்தா என்பது பின்னால் வந்த பெயர். 2008-ல் மேட்டூர் உருக்காலை நின்றது.

அதே குழுமம் ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்க முயன்றபோது நடந்ததை இங்கே நின்று நினைக்காமல் இருக்க முடியாது. 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. டோங்கிரியா கோந்த் மக்களின் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் அனுமதியை மறுத்தது. அங்கேயும் உச்சியில் ஒரு தெய்வம், இங்கேயும் உச்சியில் ஒரு தெய்வம். வேறுபாடு மக்களின் கையில் இருந்த சட்டத்தில். நியம்கிரி அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியில் இருக்கிறது. 1996-ன் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டம் அங்கே செல்லும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே கிடையாது. மிச்சமிருக்கும் 2006-ன் வன உரிமைச் சட்டத்தின்படி பட்டா வழங்குவதுகூட நீதிமன்ற இடைக்கால ஆணையால் 2016 வரை தடைபட்டுக் கிடந்தது.

கோயில் வழியில் கொய்யாவும் மிளகும் விற்றுக்கொண்டிருந்த மலையாளி அம்மாவிடம் சிவப்பு மண்ணைக் காட்டி, இங்கே தோண்டியபோது உங்களைக் கேட்டார்களா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “எங்களையா? கோயிலு எங்களுது தம்பி. காடு ஃபாரஸ்டுது. ரோடு ஹைவேசுது. மண்ணு கவருமெண்டுது. பூசைக்கு மட்டுந்தான் எங்களைக் கேப்பாங்க.” சொல்லிவிட்டு இரண்டு கொய்யாவைக் கூடுதலாகப் பையில் போட்டார்.

குப்பனூர் இறக்கம்

திரும்பும்போது கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் சாலை. தேக்குக் காடு, ஆள் நடமாட்டம் குறைவு. கீழே சமவெளி தெரியும் இடத்தில் மஞ்சவாடிக் கணவாய்ப் பக்கம் கை காட்டுகிறார்கள். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வரவிருந்த தடம் அது. சேலத்துக்கு வந்து சேர்ந்தால் தட்டுவடை செட் நேரம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், சிவப்பு பச்சை சட்னிகள். கடைப் பெஞ்சில் உட்கார்ந்தபோதும் மலைமேல் எழுந்த ஒரு கேள்வி விடவில்லை: அமைப்பை மாற்றினால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

மாறும் என்பதற்குச் சான்று இருக்கிறது. குஜராத்தில் ஆலைகளின் மாசை அளக்கும் தணிக்கையாளரை ஆலையே தேர்ந்தெடுத்து ஆலையே சம்பளம் கொடுத்து வந்தது. பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களும் அங்கே 473 ஆலைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். அவற்றில் ஒரு பகுதிக்குத் தணிக்கையாளரைக் குலுக்கலில் ஒதுக்கி, சம்பளத்தைப் பொது நிதியிலிருந்து கொடுத்து, அளவுகளை மறுமுறை சரிபார்த்தார்கள். பொய் அறிக்கைகள் பெருமளவு குறைந்தன. ஆலைகளின் மாசும் குறைந்தது. 2013-ல் வெளியான ஆய்வு அது. ஊர் மாறவில்லை, சட்டம் மாறவில்லை. சம்பளம் வரும் வழி மாறியது. தமிழ்நாட்டிலேயே 1996-ல் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசால் நிலம் இழந்தவர்களைக் கண்டறிந்து இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையம் வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அது அமைந்தது. ஆயிரக்கணக்கான விவசாயிகளின் பெயர் முதல்முறையாக ஒரே பட்டியலில் ஏறியது.

ஏர்க்காட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்துக்கு ஏர்க்காட்டிலேயே ஓர் அலுவலகம். அதில் ஆர்கிட் தோட்டத்து ஆய்வாளர் ஒருவருக்கும், மலையாளி ஊர்களின் பிரதிநிதிகளுக்கும் வாக்குள்ள இடம். மழைக்காலம் முழுக்கச் சரிவுகளை நடந்து பார்க்க ஆள். ஒவ்வொரு அனுமதியும் வரைபடத்தோடு ஊராட்சிப் பலகையில். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏர்க்காடு ஒன்றியத்தில் வாழ்கிறவர்கள் அடுத்து வரும் நாளில் இதைத் தீர்மானமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். கோடைவிழாவுக்கு மலையேறும் மற்றவர்கள், அறைச் சாவியை வாங்கும் முன் கழிவுநீருக்கு வாரியத்தின் இசைவாணை இருக்கிறதா என்று விடுதிக்காரரிடம் கேளுங்கள்.